டூட்டிங்கில் நாங்கள் இருந்த செத்தவீடு

1

லண்டனில் ரெயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்ததே, அந்தக் கோடைக்குப் பிறகு வந்த மாரி. அது உங்களுக்கு நினைவில்லாவிட்டால் இப்படிச் சொல்கிறேன்: கடல் எழும்பி வந்து எங்கள் கரையை வாரிக்கொண்டு போன நத்தாருக்கு அடுத்த நத்தார். அந்த நத்தாரில், ஆண்டவர் பிறந்த பண்டிகை நாட்களில்தான், நானும் நேசமும் இங்கத்தைய சபையின் சொல்லைக் கேட்காமல் ஒரு செத்தவீட்டில் போய் இருந்தோம். இருந்தது பிழை என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். திரியட்டும்.

நான் சொல்ல நேசம் எழுதுகிறாள். என் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் எனக்குக் கை ஓடாது. அவள் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். நான் பேசுகிறபடியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஏன் இதைச் சொல்ல வந்தேன் என்றால், போன கிழமை ஊரிலிருந்து போதகர் ரெலிபோன் எடுத்தார். சண்டையால் பூட்டிக் கிடக்கிற பாதை திறந்ததும், அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு தம்பதியை எங்களுக்குத் துணையாக இங்கே அனுப்ப யோசிக்கிறார்களாம். "ஞானமுத்தண்ணை, அவைக்குப் புத்தி சொல்லுறமாதிரி எங்கடை சபை மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கோவன்" என்றார். குளிருக்கு என்ன உடுப்பு, எந்தக் கடையில் நல்ல அரிசி என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அதையெல்லாம் வருகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது வேறு.

2

எங்களை எப்படி அனுப்பினீர்கள் என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். வரவேண்டியவர்கள் நாங்கள் அல்ல. இளைப்பாறிய போதகரும் அவருடைய மனைவியும் வருவதாக இருந்தது. அவருக்கு நெஞ்சு நோ வந்துவிட்டது. லண்டன் சபையோ ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று நின்றது. இங்கே பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வயதான தமிழர் நிறையப் பேர். "பிரசங்கம் செய்ய ஆள் வேண்டாம், வீடு வீடாய்ப் போய் ஆட்களோடு இருக்கிறதுக்கு ஒரு முதிய தம்பதி போதும்" என்று அவர்கள்தான் சொல்லியனுப்பினார்கள். அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை.

கொழும்பில் விசாவுக்குப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை, மொழிபெயர்க்கிற தம்பி மூலம் கேட்டாள், மிஷனரி என்றால் இதுவரை என்ன ஊழியம் செய்தீர்கள் என்று.

"கோயில் மணி அடிக்கிறது. குழி வெட்டுறது" என்றேன்.

மொழிபெயர்க்கிற தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஐயா, குழி எண்டால்?"

"செத்த ஆக்களைப் புதைக்கிற குழி. வேறை என்ன குழி?"

அவன் இங்கிலீசில் என்ன சொன்னானோ தெரியாது, அந்தப் பிள்ளை நெடுநேரம் எழுதினாள். விசா வந்தது. அதில் மிஷனரி என்றே அடித்திருந்தது. நேசம் அதைப் பார்த்துவிட்டு, "இனி உங்களுக்கு மண்வெட்டி பிடிக்கிற வேலை இல்லை" என்றாள்.

மண்வெட்டி மட்டுமா என் வேலை? எங்கள் சபையில் ஒரு சாவு விழுந்தால் நான் போய் மணி அடிப்பேன். பிறகு நானும் நேசமும் அந்த வீட்டுக்குப் போவோம். பிரேதம் எடுக்கும் மட்டும் திரும்பி வரமாட்டோம். ஷெல்லடி நாட்களில் தொடங்கிய பழக்கம் அது. ஒருமுறை ஊரே ஓட, ஒரு மனிசி மட்டும் புருஷனின் பிரேதத்தோடு வீட்டுக்குள் தனிய இருந்தாள். பாதி வழி ஓடின பிறகு நேசம் நின்றுவிட்டாள். "இஞ்சேருங்கோ, அந்த மனிசி தனிய" என்றாள். திரும்பிப் போனோம். அன்று முதல் அது எங்கள் வேலையாகிவிட்டது. யாரும் தரவில்லை, நாங்களே எடுத்துக்கொண்டது. ஊரில் அது பெரிய பாரமும் அல்ல. இன்றைக்குச் செத்தால் நாளைக்கு எடுப்பார்கள்.

அதுதான் எனக்கு வந்த வினை.

3

லண்டனில் டூட்டிங் என்ற பகுதியில் எங்கள் அறைக்கு அடுத்த தெருவில், பெரிய ரோட்டில், ஒரு பலசரக்குக் கடை. கடைக்கு மேலே இரண்டு அறை உள்ள வீடு. அதில் தயாபரன், அவன் மனைவி சுகந்தி, மகள் அபி. பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயது. சைவக்காரர். ஜேர்மனியில் பல வருசம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். தயாபரனுக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. கடை வாசலில் நான் அரிசிப் பையோடு நிற்பதைக் கண்டால், "விடுங்கோ ஐயா" என்று பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல்படி மட்டும் வருவான். பையை இறக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே பகிடி: "என்னை மதம் மாத்தாமல் விடுறதுக்கு இது கூலி, ஐயா."

நத்தாருக்கு மூன்று கிழமை முந்தின ஒரு காலையில் அவன் வேலையிடத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் விழுந்தான். எழும்பவில்லை.

கடையில் கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். படி நிறையச் சப்பாத்துகள். உள்ளே ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பழக்கத்தில் நடு வீட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன மேசையும் ரீவீயும்தான்.

"பிரேதம் எங்கை?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை, ஐயா."

"எப்ப கொண்டு வருவினம்?"

"இஞ்சை கொண்டு வரமாட்டினம்."

எனக்கு விளங்கவில்லை. பிரேதம் இல்லாத செத்தவீட்டை நான் அதுவரை கண்டதில்லை. அதற்குள் சுகந்தி எழும்பி வந்து நேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஆட்களைக் காட்டி மெல்லிய குரலில் சொன்னாள்: "அம்மா, இவை எல்லாம் போயிடுவினம். எல்லாருக்கும் வேலை."

நான் இருபது வருசமாகச் சொல்லிவந்த சொல், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "பயப்பிடாதை பிள்ளை. எடுக்கும் மட்டும் நாங்கள் இருப்பம்."

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் முழங்கையைப் பிடித்துப் படிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, என்ன சொன்னனீங்கள் எண்டு விளங்குதோ? இஞ்சை நாளைக்கு எடுக்கமாட்டினம். இது திடீர்ச் சாவு. வெட்டிப் பாத்து, கொரோனர் விட்டாத்தான் எடுக்கலாம். நடுவிலை நத்தார் லீவு. எரிக்கிற இடத்திலையும் கியூ. புது வருசம் தாண்டும்."

"கொரோனர் ஆர்? அவளின்ரை சொந்தக்காரரோ?"

அவர் சிரிக்கப் பார்த்தார். செத்தவீடு என்ற நினைவு வர வாயைப் பொத்திக்கொண்டார். சாவை விசாரிக்கிற அரசாங்க அதிகாரி என்று பிறகுதான் சொன்னார்.

நான் உள்ளே போய் நேசத்தின் காதில் விசயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"சொல்லியாச்சுத்தானே?"

"ஓம்."

"பிறகென்ன? போய் உங்கடை பிரஷர் குளிசையையும் என்ரை மற்றச் சீலையளையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

4

முதல் நாட்களில் சாப்பாடு வந்தபடி இருந்தது. செத்தவீட்டில் பிரேதம் எடுக்கும் மட்டும் அடுப்பு மூட்டக்கூடாது, சாவுத் தீட்டு, துடக்கு. அயலார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். கொண்டுவந்தார்கள். இடியப்பப் பெட்டி இடியப்பப் பெட்டியாக வந்தது. அந்தச் சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஊரில் ஒருவனுக்கு விடிய வேலை, இன்னொருவனுக்குப் பின்னேர வேலை, நத்தார் கிட்ட வரக் கடைகளில் இரட்டை ஷிப்ட். பெட்டிகள் குறைந்தன. பிறகு ரெலிபோன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் ஒன்றுவிட்ட ஒரு நாள்.

நாங்கள் இருந்தோம். நேசம் சுகந்தியோடும் பிள்ளையோடும் அறைக்குள். நான் முன்னால் சோபாவில். என்ன செய்தீர்கள் என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. ரெலிபோன் அடித்தால் அபி எடுத்து இங்கிலீசில் கதைப்பாள். ஒரு நாள் கொரோனர் கந்தோரிலிருந்து தகப்பனுடைய பிறந்த இடம் கேட்டார்கள். பிள்ளை ரெலிபோனைப் பொத்திக்கொண்டு தாயைக் கேட்டாள். தாய் சொன்ன ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவர்களுக்குச் சொன்னாள். தன் தகப்பன் பிறந்த ஊரின் பெயரை அவள் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டிருக்கிறாள். ரெலிபோனை வைத்துவிட்டு அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

ஜெபத்துக்கு நானும் நேசமும் அடுப்பு மூட்டாத குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அது அவர்களுடைய வீடு. சாமிப் படத்தட்டும் விபூதியும் இருக்கிற இடம். எங்கள் வேதப்புத்தகத்தை நேசம் பையை விட்டு வெளியே எடுத்து முன்னறையில் வைத்ததில்லை. ஒரு பின்னேரம் சுகந்தி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏன் அம்மா பூட்டிறியள்? திறந்து வைச்சுச் சொல்லுங்கோ. வீட்டிலை ஆரோ கதைக்கிற சத்தம் கேக்கட்டும்."

அன்றிலிருந்து திறந்து வைத்தோம். நான் ஜெபிப்பேன். அவள் சுவரோடு சாய்ந்திருந்து கேட்பாள். நான் முடித்த பிறகு, சில நாட்களில், அவள் தன் தேவாரத்தை மெல்லப் பாடுவாள். நான் எழும்பிப் போகவில்லை. ஏன் போகவேண்டும்?

பிறகுதான் அந்தச் சாப்பாட்டு விசயம். வெளியில் ஆலங்கட்டி கொட்டிய ஒரு மத்தியானம். ஒருவரும் வரவில்லை. சுகந்தி பாணும் ஜாமும் வைத்தாள். அதற்கு முதல் நாளும் பாண்தான். அபி பாணைத் தொடாமல் தாயைப் பார்த்து, "சோறு இல்லையா?" என்றாள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாவை எடுக்கேல்லை, குஞ்சு. அடுப்பு மூட்டக்கூடாது" என்றாள். கீழே கடை முழுக்க அரிசி மூட்டை. மேலே பிள்ளை சோற்றுக்கு ஏங்கி இருக்கிறாள்.

நேசம் எழும்பிக் கையைக் கழுவினாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்?" என்று சுகந்தி பதறினாள்.

"அடுப்பு மூட்டப்போறன்."

"வேண்டாம் அம்மா. துடக்கு. நாளைக்குச் சனம் என்னைத்தான் கதைக்கும்."

நேசம் திரும்பி நின்று சொன்னதை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டேன். "நீ மூட்டினால்தானே துடக்கு? நான் வேதக்காரி. எனக்கு உந்தத் துடக்கு இல்லை. கதைக்கிற சனத்துக்கு நேசம் மூட்டினவள் எண்டு சொல்லு. இவ்வளவு நாளும் இந்த வீட்டிலை நான் சும்மா இருந்து சாப்பிட்டன். ஆண்டவர் என்னை ஏன் இஞ்சை அனுப்பினவர் எண்டு இப்பதான் எனக்குத் தெரியுது."

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. வெங்காயம் தாளிக்க எழும்பிய புகையில், முகட்டில் இருந்த, புகைக்கு அடிக்கிற அந்த வட்டப் பெட்டி கத்தத் தொடங்கியது. கேட்டிருக்கிறீர்களா அந்தச் சத்தத்தை? காது கிழியும். அபி ஒரு துவாயை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறி அதற்குக் கீழே விசிறு விசிறென்று விசிறினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் யன்னலைத் திறக்கப்போய்த் திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டேன். பிள்ளை கதிரையில் நின்றபடி சிரித்தாள். அப்பன் செத்த பிறகு முதல் சிரிப்பு. சிரித்துவிட்டுப் பயந்து தாயைப் பார்த்தாள். தாயும் சிரித்துக்கொண்டு, கண்ணீரும் வர, "சிரி குஞ்சு, சிரி" என்றாள்.

எனக்கோ வேறு நினைவு. இவ்வளவு நாளும் அவனுக்காக ஒரு மணியும் அடிக்கவில்லை. கடைசியில் அதுதான் அடித்தது.

5

லண்டன் சபையின் செக்கரட்டரியைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். பெயர் டேனியல். மலேசியாவில் பிறந்து இங்கே படிக்க வந்து, பாங்கில் வேலை எடுத்து, வெம்பிளியில் தங்கிவிட்டவர். கெட்ட மனிதர் அல்ல. எங்கள் அறைக்கு ஹீற்றர் வாங்கி வந்து தானே பூட்டித் தந்தவர். ஆனால் எல்லாம் சிஸ்டமாக நடக்கவேண்டும் அவருக்கு. மாதம் எத்தனை வீடு சந்தித்தோம், எத்தனை பேருக்காக ஜெபித்தோம் என்று அவருக்குக் கணக்குச் சொல்லவேண்டும். அந்த நத்தாருக்குச் சபையின் பெரிய ஆராதனையில் எங்கள் இரண்டு பேரையும் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பதாக ஏற்பாடு. அழைப்பில் படமும் போட்டிருந்தார்கள்.

நத்தாருக்கு முதல் நாள் அவர் படியேறி வந்தார். ஈரக் கோட்டோடு நின்றபடியே கதைத்தார். சுகந்தி உள்ளே இருந்தாள்.

"அங்கிள், இந்த மாசம் எத்தனை விசிட்?"

"ஒண்டு."

"ஒரு நாளைக்கா?"

"இல்லை. மாசத்துக்கு. இந்த வீடு."

அவர் நெற்றியைத் தடவினார். "அங்கிள், இவங்க நம்ம சபை இல்ல. பரவாயில்ல. ஆனா ஒரு தடவை வந்து ஜெபிச்சிட்டுப் போகலாமே? அவங்களுக்கு நற்செய்தி சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்ப என்னதான் செஞ்சீங்க?"

"இருந்தனாங்கள்."

"சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இருக்கிறது லேசான வேலை எண்டு நினைக்கிறியளோ தம்பி? ஒரு நாளைக்கு இருந்து பாருங்கோ."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், வெம்பிளியில ஒரு பெரியவர் ஒவ்வொரு நாளும் போன் பண்றாரு, அந்த ஊழியக்காரங்க எங்கேன்னு. அவரும் தனியாத்தான் இருக்காரு. இந்த ஒரு வீட்டுக்காக அத்தனை பேரையும் விடலாமா? நாளைக்கு ஆராதனைக்கு வாங்க. அப்புறம் ரூமுக்குப் போயிடுங்க. கமிட்டி ரொம்ப வருத்தத்தில இருக்கு. உங்க விசா மார்ச்சில முடியுது. எக்ஸ்டென்ஷனுக்கு நாங்கதான் லெட்டர் குடுக்கணும். குடுக்க முடியாதுன்னு சொல்றாங்க. நான் பயமுறுத்தல, நடக்கிறதச் சொல்றேன்."

அவர் சொன்ன அந்தப் பெரியவர் விசயம் எனக்குக் குத்தியது. அது நியாயம்தான். பின்னால் நாங்கள் போனபோது அந்த மனிதர் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை. அதை நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன பதில் இதுதான்:

"தம்பி, எனக்கு ஒரு குண்டிதான் இருக்கு. அதை ஒரு இடத்திலைதான் வைக்கலாம். இப்ப இஞ்சை வைச்சிட்டன்."

(நேசம் இந்தச் சொல்லை எழுதமாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள். எழுது என்றேன். சொன்னதைத்தானே எழுதவேண்டும்.)

அவர் நேசத்தைப் பார்த்தார். பெண்கள் இரங்குவார்கள் என்று நினைத்திருப்பார். "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

நேசம் சொன்னாள்: "மகன், நாளைக்கு மேடையிலை ஏறி நாங்கள் என்ன சாட்சி சொல்லுறது? செத்தவீட்டிலை ஒரு பொம்பிளையையும் பிள்ளையையும் தனிய விட்டிட்டு வந்து நிக்கிறம் எண்டோ? உங்கடை லெட்டருக்கு நாங்கள் வரேல்லை. ஆக்களோடை இருக்கத்தான் கூப்பிட்டனீங்கள். இருக்கிறம். ஊருக்கு அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. அங்கையும் ஆக்கள் சாகினம்."

அவர் போய்விட்டார். உள்ளே இருந்து சுகந்தி வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஐயா, என்னாலை உங்களுக்கு ஏன் கரைச்சல்? நீங்கள் போங்கோ. நாங்கள் சமாளிப்பம்."

"உனக்காக எண்டு ஆர் சொன்னது?" என்றேன். "நான் ஒரு சொல் சொல்லிப்போட்டன். அது என்ரை கரைச்சல்."

நத்தார் அன்று காலையில் நானும் நேசமும் குசினியில் நின்று, கதவைத் திறந்து வைத்து, எங்களுக்குத் தெரிந்த நத்தார்ப் பாட்டைப் பாடினோம். என் குரல் உங்களுக்குத் தெரியும். கீழே கடைக்காரர் வந்து மேலே என்ன பிரச்சினை என்று கேட்டார்.

6

புது வருசம் பிறந்து, பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகுதான் பிரேதத்தை விட்டார்கள். எடுக்கிறதுக்கு முதல் நாள் தயாபரனின் அண்ணனும் அண்ணியும் ஜேர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மறுநாள் எரிக்கிற இடத்து மண்டபம் நிறையச் சனம். இவ்வளவு பேர் இந்த லண்டனில் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தேன். கறுப்புக் கோட்டும் மினுக்கின சப்பாத்துமாக வந்து நின்றார்கள். ஐயர் அவசர அவசரமாகக் கிரியை செய்தார். அடுத்த பிரேதக்காரர் வெளியே கியூவில் நிற்கிறார்கள். அண்ணன்காரன் ஒரு பொத்தானை அமத்தினான். திரை மூடியது. மண்ணும் இல்லை, நெருப்பும் காணவில்லை. குழி வெட்டிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. நான் நேசத்திடம், "எடுத்தாச்சு" என்றேன். அவள், "ஓம், எடுத்தாச்சு" என்றாள்.

எங்கள் சொல் முடிந்தது. வீட்டுக்கு வந்து, எல்லாரும் முழுகி, வீடு கழுவி, உறவுச் சனம் சமைக்கத் தொடங்கிய பிறகு, நாங்கள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். செத்தவீட்டில் 'போட்டு வாறம்', போய் வருகிறோம், என்று சொல்லமாட்டோம் அல்லவா. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிற மாதிரி. சொல்லாமல் எழும்பிப் போகிறதுதான் முறை. வேதக்காரர், சைவக்காரர் எல்லாருக்கும் ஒரே முறை. சுகந்திக்கு அது தெரியும். கண்ணால் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம், அவ்வளவுதான்.

கடையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்திருப்போம். பின்னால் ஓடி வருகிற சத்தம். அபி. காலில் சப்பாத்து இல்லை. ஈர நடைபாதையில் வெறும் சொக்ஸோடு வந்து எங்களுக்கு முன்னால் நின்றாள். மூச்சு வாங்க இங்கிலீசில் படபடவென்று கத்தினாள். எனக்கு அதில், போகும்போது சொல்லுகிற அந்த 'பை' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

"என்னம்மா?" என்றேன்.

தமிழுக்கு மாறினாள். "ஏன் சொல்லாமப் போறீங்க? அப்பாவும் சொல்லாமத்தான் போனவர். விடிய ஷிப்ட் எண்டு என்னை எழுப்பாமப் போனவர்."

நான் வாயைத் திறந்தேன். அது அப்படி அல்ல, அது எங்கள் ஆட்களின் வழக்கம் என்று சொல்லப்போனேன். எவ்வளவு செத்தவீடு கண்டவன் நான். இருக்கத் தெரிந்தது. எழும்பிப் போகிறதும் ஒரு பிள்ளைக்கு இப்படி இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நேசம் கையிலிருந்த பையை அந்த ஈரத்தில் வைத்தாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மேலே யன்னலில் ஜேர்மனியிலிருந்து வந்த அண்ணி நின்று பார்க்கிறாள். ரோட்டில் நாலு தமிழ்ச் சனம் போகிறது. எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

"போட்டு வாறம், அபி. வெள்ளிக்கிழமை வாறம்."

யன்னலில் நின்றவள், "ஐயோ, என்ன சொல்லுறா இந்த மனிசி?" என்றது எங்களுக்கும் கேட்டது. நேசம் தலையை நிமிர்த்தி, "சொல்லிப்போட்டன். என்ரை தலையிலை விடியட்டும்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனோம்.

7

லெட்டர் விசயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கமிட்டி கூடி எங்களை மார்ச்சில் அனுப்பிவிடத் தீர்மானித்தது. செக்கரட்டரி ரெலிபோனில் சொன்னார். நேசம் சரி என்று வைத்துவிட்டு, அதே பையை எடுத்தாள். குளிசை, மாற்றுச் சீலை, வேதப்புத்தகம். ரெயில் மாறி மாறி வெம்பிளிக்குப் போய் அவர் வீட்டு மணியை அடித்தோம். அவருடைய மனைவி கதவைத் திறந்து தேத்தண்ணி தந்தார். குடித்தோம். இருந்தோம். பின்னேரம் செக்கரட்டரி வேலையால் வந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்தியபடி எங்களைப் பார்த்து நின்றார்.

"என்ன அங்கிள்?"

"ஒண்டுமில்லை. இருக்கிறம்."

"எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"எங்களுக்கு அவசரம் இல்லை, மகன்" என்று நேசம் பையைத் தட்டிக் காட்டினாள். "பிரஷர் குளிசையும் கொண்டுவந்திட்டம்."

அவர் பையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவருடைய மனைவி குசினிக்குள் போய்ச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கமிட்டிக்கு நான் என்ன சொல்றது அங்கிள்?"

"ஆக்களோடை இருக்கத்தானே கூப்பிட்டனீங்கள்? இருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

கமிட்டியோடு அவர் என்ன சண்டை பிடித்தாரோ, லெட்டர் வந்தது. இப்போது மாதக் கணக்குக் கேட்கும்போது, "விசிட்டா, இருந்தீங்களா?" என்று இரண்டாகக் கேட்கிறார்.

8

இது நடந்து இரண்டு மாரி போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் போகிறோம். சுகந்தி கீழே கடையிலேயே கல்லாவில் நிற்கிறாள். துடக்குக் கழிந்ததும் ஆர்ச்வேயில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்வந்து எங்களுக்கும் பிரசாதம் தந்தாள். அவள் எங்கள் சபைக்கு வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து கேட்கட்டும்.

அபி வளர்ந்துவிட்டாள். நாங்கள் போனால் ஒரு "ஹாய்" சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். காதில் பாட்டுக் கேட்கிற வயர். கேட்டதுக்கு இங்கிலீசில் அரைப் பதில். தகப்பனுடைய ஊர்ப் பெயரை இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். சுகந்தி கவலைப்படுகிறாள், பிள்ளை கையை விட்டுப் போகிறதே என்று. எனக்கு என்ன தெரியும்? ஆனால் நாங்கள் எழும்பிப் பையை எடுக்கிற சத்தம் கேட்டால், பூட்டின அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "சொல்லீட்டுப் போங்கோ!" காதில் வயரோடு அந்தச் சத்தம் மட்டும் அவளுக்கு எப்படிக் கேட்கிறதோ.

நேசத்துக்குக் கை நோகிறதாம். முடிக்கச் சொல்கிறாள்.

போதகர் ஐயா, வரப்போகிற அந்தத் தம்பதிக்கு இந்த மலர் கிடைக்குமோ தெரியாது, பாதை பூட்டிக் கிடக்கிறது. வாசிக்கிற நீங்கள் யாராவது அவர்களைக் கண்டால் வாயால் சொல்லிவிடுங்கள். இங்கே செத்தவீடு நீளம், மாற்றுடுப்போடு போகச் சொல்லுங்கள். அடுப்பு மூட்டாமல் ஒரு பிள்ளை பசியில் இருந்தால், வேதக்காரருக்குத் துடக்கு இல்லை என்று சொல்லி மூட்டச் சொல்லுங்கள். புறப்படும்போது நாங்கள் ஊரில் செய்கிறமாதிரிச் செய்யவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் பிள்ளை இருந்தால், ஆர் என்ன சொன்னாலும், எந்த நாளில் திரும்பி வருவோம் என்று அதற்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கச் சொல்லுங்கள். ஞானமுத்து சொன்னான் என்றால் கேட்கமாட்டார்கள். நேசம் சொன்னாள் என்று சொல்லுங்கள்.